சாமி இல்லாத மலைகள்: ஹாங்காங்கில் ஏழு நாள்

டிசம்பர் 24

அரையாண்டுத் தேர்வுத் தாள்களைத் திருத்தி முடித்த கையோடு கிளம்பி வந்துவிட்டேன். தங்கை வீடு ஹங் ஹாமில், இருபத்தோராவது மாடி. சமையலறை சன்னலைத் திறந்தால் எதிர் வீட்டில் என்ன கொதிக்கிறது என்று தெரியும், அவ்வளவு நெருக்கம். ஹாங்காங் போகிறேன் என்றதும் பள்ளியில் எல்லோரும் டிஸ்னிலேண்டைப் பற்றித்தான் கேட்டார்கள். மலை ஏறப் போகிறேன் என்றதை யாரும் நம்பவில்லை. நானே பாதிதான் நம்பினேன். சுமார் 75 லட்சம் பேர் அடைந்து வாழும் ஊரில் ஏறக்குறைய 40 சதவீத நிலம் மலையும் காடுமாகச் சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது என்று தங்கை சொன்னாள். கணக்கு டீச்சர் புத்தி, "எதுல 40 சதவீதம்?" என்று கேட்டேன். மொத்தப் பரப்பே சுமார் 1,100 சதுர கிலோமீட்டர்தான். மிச்சத்தில் மனிதர்களை மேலே மேலே அடுக்கியிருக்கிறார்கள்.

மலை மேல் எனக்கு ஒரு பழைய ஏக்கம் உண்டு. கோயம்புத்தூர்க்காரர்களுக்குச் சொல்லாமலே புரியும். வானம் தெளிவாக இருக்கும் நாளில் எங்கள் மொட்டைமாடியில் நின்றால் மேற்கே வெள்ளியங்கிரி. அண்ணன் வருஷா வருஷம் சித்திரையில் பூண்டி அடிவாரத்தில் மூங்கில் தடி வாங்கிக்கொண்டு ஏழு மலையும் ஏறி இறங்கி வருவான். வயதுப் பெண்கள் மேலே போகும் வழக்கம் இல்லை. தலை நரைத்த பிறகு போகலாம் என்கிறார்கள். எனக்கு 47, டை அடிக்கிறேன். இதுவரை நான் செய்ததெல்லாம் அடிவாரத்தில் உட்கார்ந்து புளிசாதத் தூக்குக்குக் காவல் இருந்ததுதான்.

இன்று டிராகன் முதுகு. ஷாவ் கெய் வான் வரை மெட்ரோ, அங்கிருந்து 9ஆம் எண் பஸ். மலைச் சாலையின் ஒரு பக்கம் முழுக்கச் சிமென்ட் பூசிய சரிவு, சரிவுக்கு ஒரு நம்பர் பிளேட். லாரிக்கு மாட்டுவது போல மலைக்கு மாட்டியிருக்கிறார்கள். 1972இல் ஒரே நாளில் இரண்டு இடங்களில் மண் சரிந்து நூற்றுக்கு மேல் செத்துப்போனார்கள். 1976இல் மறுபடி சரிந்தது. அதற்கு அடுத்த வருஷம் சரிவுகளைக் கவனிக்கவே தனி அலுவலகம் வந்தது. இப்போது சுமார் 60,000 சரிவுகள் கணக்கில் இருக்கின்றன. பக்கத்து சீட்டில் தங்கை இதையெல்லாம் சொல்லச் சொல்ல, நான் வால்பாறைச் சாலையை நினைத்துக்கொண்டிருந்தேன்.

தோ தேய் வான் நிறுத்தத்தில் பாதி பஸ் இறங்கியது. 'தோ தேய்' என்பது மண்ணைக் காக்கும் சின்னச் சாமியின் பெயர் என்றாள் தங்கை. நம் எல்லைக் கருப்பன் மாதிரி. எனக்கு ஒரு நிம்மதி. பெயரிலாவது சாமி இருக்கட்டும்.

எங்களோடு பக்கத்து ஃபிளாட் பாட்டியும் வந்தார். வயது 72. கான்டனீஸில் பாட்டியை 'போ போ' என்று கூப்பிடுகிறார்கள். இது எனக்குத் தெரியாது. முதல் படிக்கட்டு வரிசையில் தங்கை பின்னாலிருந்து "போ போ!" என்று கத்த, என்னைத்தான் விரட்டுகிறாள் என்று நினைத்து மூச்சிரைக்க ஓடினேன். பாட்டி நின்று திரும்பிப் பார்த்தார். நான் அவரைத் தாண்டிப் போய் ஒரு கல்லில் உட்கார்ந்தேன். காரணம் தெரிந்ததும் பாட்டி சிரித்த சிரிப்பில் ஒரு பறவை எழுந்து போனது.

ஏற்றம் அரை மணி நேரம்தான். அப்புறம் முகடு. மரமில்லாத, புதர் மூடிய மலை முதுகில் பாதை எழுந்தும் தாழ்ந்தும் போகிறது. படுத்திருக்கும் பாம்பின் மேல் நடப்பது போல. இடப்பக்கம் தாய் தாம் விரிகுடா, வலப்பக்கம் ஷெக் ஓ கிராமமும் திறந்த கடலும். உச்சியான ஷெக் ஓ சிகரம் 284 மீட்டர். நம்மூர்க் கணக்கில் குன்று. ஆனால் கடல் மட்டத்திலிருந்தே அளக்கும் ஊரில் 284 என்றால் நிஜமாகவே 284. எங்கள் ஊர் ஏற்கெனவே நானூறு மீட்டர் உயரத்தில் உட்கார்ந்துகொண்டு பீற்றிக்கொள்ளும்.

முகட்டில் எலுமிச்சை சாதம் சாப்பிட்டோம். சாப்பிட்டு முடித்து பிளாஸ்டிக் கவரைப் போடக் குப்பைத்தொட்டி தேடினால் எங்கும் இல்லை. 2017இலேயே மலைப்பாதைகளிலிருந்து தொட்டிகளை எல்லாம் எடுத்துவிட்டார்களாம். உன் குப்பை, நீயே தூக்கிப் போ. தொட்டி இருந்தால் நிரம்பி வழியும், குரங்கும் பன்றியும் கிளறும். தொட்டியே இல்லாவிட்டால் ஜனங்கள் வீட்டுக்குக் கொண்டுபோவார்கள் என்பது கணக்கு. எங்கள் ஊரில் இந்தக் கணக்குக்கு விடை வேறு மாதிரி வரும் என்று நினைத்தேன், சொல்லவில்லை. எண்ணெய்க் கவர் நாள் முழுக்க என் கைப்பைக்குள் மணத்தது.

இறங்கி வந்து சேர்ந்த இடம் பெரிய அலை விரிகுடா. கடற்கரைப் பாறையில் சுமார் 3,000 வருஷப் பழமையான செதுக்கல் இருக்கிறது, 1970இல் கண்டுபிடித்தது. கண்ணாடிக்குப் பின்னால் சுருள் சுருளான கோடுகள். பாட்டி அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கடலில் கால் நனைக்கப் போய்விட்டார்.

டிசம்பர் 25

கிறிஸ்துமஸ். ஊர் முழுக்கக் கூட்டம். தொடை இரண்டும் கல். மாலையில் விக்டோரியா சிகரத்துக்கு ஏறும் பீக் டிராம் வரிசையைப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று பஸ்ஸில் ஏறி, மேலே லூகார்ட் சாலையில் ஒரு சுற்று நடந்தோம். தட்டையான பாதை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் மரக்கிளை இடைவெளியில் கீழே நகரம் முழுக்க விளக்கு. இதற்கெல்லாம் ஷூ தேவையில்லை, செருப்பே போதும். அழகுதான். அதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

டிசம்பர் 26

இன்று சிங்கப் பாறை. 495 மீட்டர். வோங் தாய் சின் கோயிலில் இறங்கி, ஊதுபத்திப் புகைக்குள் புகுந்து வெளியே வந்து, குடியிருப்புகளுக்குப் பின்னால் ஏற ஆரம்பித்தோம். கிறிஸ்துமஸுக்கு மறுநாளும் விடுமுறை என்பதால் திருவிழாக் கூட்டம். குழந்தைகள், நாய்கள், ஸ்பீக்கரில் பழைய பாட்டு போட்டுக்கொண்டு போகும் தாத்தாக்கள். எதிரே வருகிறவர்கள் "ஜோ சன்" என்கிறார்கள், காலை வணக்கம். ஊருக்குள் லிஃப்டில் முகத்தைப் பார்க்காத அதே ஜனங்கள்தான் என்கிறாள் தங்கை. ஏழெட்டு ஜோ சன்னுக்கு அப்புறம் எனக்கும் வாயில் வந்துவிட்டது.

கவ்லூனில் எந்தச் சந்தில் நின்று வடக்கே பார்த்தாலும் இந்தச் சிங்கம் தெரியும். படுத்துக்கொண்டு ஊரைப் பார்க்கிறது. சீனாவிலிருந்து வந்து மலைச்சரிவில் தகரக் குடிசை போட்டுப் பிழைத்தவர்களின் தலைமுறை, தன் உழைப்புக்கு அடையாளமாக இந்தப் பாறையைத்தான் சொல்லும். சிங்கத்தின் தலைமேல் ஏறுவதற்கு முன்னால் ஆபத்து என்று எழுதிய பலகை இருக்கிறது. பலகை அருகே வரிசையாகப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். நான் பலகைக்கு மரியாதை கொடுத்தேன். பயம் என்றும் சொல்லலாம்.

மறுபக்கம், ஷா தின் பக்கமாக இறங்கும் வழியில் ஒரு கல். சுமார் 15 மீட்டர் உயரம், முதுகில் குழந்தை கட்டிய பெண் மாதிரி. சீனப் பெயருக்கு 'கணவனை எதிர்பார்க்கும் கல்' என்று பொருள். மீன்பிடிக்கப் போனவன் திரும்பவில்லை, அவள் தினம் மலையேறிக் கடலைப் பார்த்தாள், கடைசியில் கல்லாகிவிட்டாள். நம் அகலிகை சாபத்தில் கல்லானாள். இவளுக்குச் சாபம் எதுவும் இல்லை, காத்திருந்ததே போதுமானதாக இருந்திருக்கிறது. எது மேல் என்று நானும் தங்கையும் கொஞ்ச நேரம் வாதாடினோம். பாட்டி, என்ன சண்டை என்று கேட்டார். தங்கை மொழிபெயர்த்தாள். பாட்டி சொன்ன பதிலை அவள் முதலில் எனக்குச் சொல்லவில்லை. வற்புறுத்தியதும் சொன்னாள்: "ரெண்டு பேருமே கீழ இறங்கிப் போய் வேலை தேடியிருக்கலாம்."

டிசம்பர் 27

காலையிலேயே மழை தூறியது. போகலாமா வேண்டாமா என்று இழுத்து, பத்து மணிக்குக் கிளம்பினோம். ட்சுன் வானிலிருந்து 82ஆம் எண் மினிபஸ். மினிபஸ்ஸில் 16, 19 என்று இருக்கை எத்தனையோ அத்தனை பேர்தான். நின்றுகொண்டு போக முடியாது. இறங்க வேண்டிய இடம் வந்தால் "யௌ லோக்!" என்று உரக்கக் கத்த வேண்டும். தங்கை கத்தியபோது, வீட்டில் மெல்லப் பேசும் இவளா என்று பார்த்தேன். இங்கே வந்த முதல் மாதத்தில் கத்த வெட்கப்பட்டு மூன்று நிறுத்தம் தாண்டிப் போய் இறங்கியிருக்கிறாளாம்.

ஷிங் முன் நீர்த்தேக்கத்தின் மேலே மெக்லிஹோஸ் பாதையின் ஆறாவது பகுதி. பாதை மொத்தம் 100 கிலோமீட்டர், பத்துத் துண்டு. 1979இல் திறந்தது, அப்போதைய கவர்னரின் பெயர். 1981இல் கூர்க்கா சிப்பாய்கள் பயிற்சிக்காக இதை ஒரே மூச்சில் நடந்து நிதி திரட்டினார்கள். சில வருஷம் கழித்துப் பொதுமக்களையும் சேர்த்துக்கொண்டார்கள். இன்றும் அது போட்டியாக நடக்கிறது. நான்கு பேர் குழு, 48 மணி நேரத்துக்குள் நூறு கிலோமீட்டர். நான் இன்று நடந்தது ஐந்துக்கும் குறைவு.

ஏறிய கொஞ்ச தூரத்தில் புதருக்குள் ஒரு சிமென்ட் வாய். மேலே ஆங்கிலத்தில் செதுக்கியிருக்கிறது: ஷாஃப்ட்ஸ்பரி அவென்யூ. அடுத்த திருப்பத்தில் சாரிங் கிராஸ். இன்னொன்று ரீஜென்ட் ஸ்ட்ரீட். லண்டன் தெருப் பெயர்களை வைத்துக்கொண்டு பாறைக்குள் ஓடும் சுரங்கங்கள். 1930களில் வெள்ளைக்காரர்கள் வடக்கிலிருந்து வரும் படையைத் தடுக்க மலை முகடு நெடுக 18 கிலோமீட்டருக்கு ஒரு பாதுகாப்பு வரிசை கட்டினார்கள். அதன் பெயர் ஜின் டிரிங்கர்ஸ் லைன். ஜின் குடிக்கப் போகும் ஒரு விரிகுடாவின் பெயரைக் கோட்டைக்கு வைத்தால் அது எத்தனை நாள் நிற்கும்? 1941 டிசம்பர் 9 இரவு ஜப்பானியர் இருட்டில் ஏறி வந்து, காற்றோட்டக் குழாய்களுக்குள் கையெறி குண்டுகளைப் போட்டு, சில மணி நேரத்தில் இந்த இடத்தைப் பிடித்துவிட்டார்கள். ஹாங்காங் சரணடைந்தது டிசம்பர் 25. நேற்று முன்தினம்தான் நாங்கள் பீக்கில் விளக்கு பார்த்துக்கொண்டு நின்றோம்.

வரிசையைக் காத்தவர்களில் ராஜ்புத், பஞ்சாப் படைப்பிரிவுகளும் உண்டு. அந்தச் சிப்பாய்கள் லண்டனைப் பார்த்திருக்க மாட்டார்கள், ஷாஃப்ட்ஸ்பரி அவென்யூவைப் பார்த்தார்கள். சுரங்கத்துக்குள் போன் வெளிச்சத்தில் இருபது அடி நடந்தேன். கால் சேற்றில் வழுக்கியது. வலது முழங்கால் சிமென்ட் படியில் மோதியது. வெளியே வந்து பார்த்தால் சுடிதார் கிழிந்து ரத்தம். பாட்டி பையிலிருந்து ஒரு எண்ணெய்ப் புட்டியை எடுத்தார். என்ன எண்ணெயோ, யூகலிப்டஸும் கற்பூரமும் சேர்ந்த நெடி. தேய்த்ததும் கண்ணில் நீர் வந்தது, வலி நின்றது.

திரும்பும் வழியில் கவ்லூன் நீர்த்தேக்கத்துப் பக்கம் குரங்குகள். சாலைத் தடுப்பில் வரிசையாக உட்கார்ந்து எங்களை எடை போட்டன. நீர்த்தேக்கம் கட்டிய காலத்தில், 1910களில், சுற்றியிருந்த விஷக்கொடிகளின் காய் தண்ணீரில் விழாமல் தின்று தீர்க்கக் குரங்குகளை விட்டார்கள் என்பது இங்கே எல்லோரும் சொல்லும் கதை. அது என்ன கொடி என்று தேடிப் பார்த்தேன். நம் எட்டி மரத்தின் இனம்! எட்டி பழுத்தென்ன ஈயாதார் வாழ்ந்தென்ன என்று சொல்லிப் பழகிய எனக்கு, எட்டிக்காயால் பிழைப்பு நடத்தும் ஒரு கூட்டத்தைப் பார்த்ததில் மகிழ்ச்சி. இப்போது அவற்றுக்குத் தீனி கொடுத்தால் அபராதம் ஒரு லட்சம் ஹாங்காங் டாலர் வரை போகலாம். 2024இல் பத்து மடங்கு ஏற்றிவிட்டார்கள். என் கையில் இருந்த வாழைப்பழத்தை அவசரமாகச் சுடிதாருக்குள் மறைத்துக்கொண்டேன்.

டிசம்பர் 28

முழங்கால் வீங்கிவிட்டது. வீட்டிலேயே இருந்தேன். தங்கை ஆபீஸ் போய்விட்டாள்.

நேற்று எழுதியதோடு ஒன்று சேர்க்க வேண்டும். இந்த மலைகளை இவர்கள் காப்பாற்றியது அழகுக்காக மட்டும் இல்லை, தண்ணீருக்காக. பெரிய ஆறு இல்லாத ஊர். மழையைப் பிடித்தால்தான் உண்டு. 1963-64 வறட்சியில் நான்கு நாளைக்கு ஒருமுறை, நான்கு மணி நேரம்தான் குழாயில் தண்ணீர். நீர்ப்பிடிப்புச் சரிவில் மரம் வெட்டக்கூடாது, வீடு கட்டக்கூடாது. மரம் நட்டு மண்ணைப் பிடிக்க வேண்டும். 1976இல் இந்த மலைகளைக் காக்கும் சட்டம் வந்தபோது, காக்க வேண்டிய காடு ஏற்கெனவே நீர்த்தேக்கங்களைச் சுற்றி வளர்ந்து நின்றது. இப்போது பெரும்பகுதித் தண்ணீர் சீனாவின் தோங் ஆற்றிலிருந்து குழாயில் வருகிறது. காடு மட்டும் மிச்சம். சிறுவாணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவளுக்கு இது புரிய அதிக நேரம் ஆகவில்லை. எங்கள் காட்டையும் அணையைச் சொல்லித்தானே காக்கிறோம்.

பாட்டி மதியம் கதவைத் தட்டி ஒரு கிண்ணம் கொடுத்துவிட்டுப் போனார். இஞ்சி வெல்லப்பாகில் மிதக்கும் சோயாக்கட்டி, துணி மாதிரி மெத்து. கூடவே ஒரு மடக்குத் தடி, அலுமினியம். கைப்பிடியில் ரப்பர் தேய்ந்திருக்கிறது. எனக்கும் அவருக்கும் பொதுவாக ஒரு மொழி இல்லை. அவர் என் முழங்காலைக் காட்டி, தடியைக் காட்டி, "போ போ" என்று தன் நெஞ்சைத் தொட்டார். அவருடைய தடி என்கிறார். நான் தமிழில் எடுத்துக்கொண்டு, போ போ என்கிறார் என்றே வைத்துக்கொண்டேன்.

டிசம்பர் 29

இந்தப் பயணத்தின் சிறந்த நாள் இதுதான் என்று இன்றே சொல்லிவிடுகிறேன். தங்கை லீவு போட்டாள். சாய் குங் வரை மினிபஸ், அங்கிருந்து டாக்ஸியில் ஹை ஐலண்ட் நீர்த்தேக்கத்தின் கிழக்கு அணை.

இரண்டு நிலப்பரப்புகளுக்கு நடுவே ஓடிய கடலை இரு முனையிலும் அணை போட்டு மூடி, உப்பை வெளியேற்றி, நல்ல தண்ணீரைப் பிடித்திருக்கிறார்கள். 1978இல் முடிந்தது. அணையின் கடல் பக்கம் முழுக்க, அலையைத் தடுக்கச் சிமென்ட் நங்கூரங்கள். ஒவ்வொன்றும் 25 டன். தாயக்கட்டையைக் குவித்த மாதிரி கிடக்கின்றன. வேலையில் இறந்த ஐந்து பேருக்கு அங்கே ஒரு நினைவுக் கல் இருக்கிறது.

பாறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அணைக்குப் பக்கத்தில் மலைச்சுவர் முழுக்க அறுகோணத் தூண்கள். யாரோ அளவெடுத்து வெட்டி அடுக்கியது போல, ஒன்றோடொன்று ஒட்டி, வானம் வரை. சுமார் 14 கோடி வருஷத்துக்கு முன்னால் ஒரு எரிமலை கக்கிய சாம்பலும் குழம்பும் ஆறி, சுருங்கி, பிளந்து நின்றவை. ஒவ்வொரு தூணும் சராசரியாக 1.2 மீட்டர் அகலம். ஏன் அறுகோணம்? காய்ந்த குளத்தில் சேறு வெடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆறும்போது எல்லாப் பக்கமும் சமமாக இழுக்கும் இழுவைக்கு, மிகக் குறைந்த விரிசல் நீளத்தில் விடை தரும் உருவம் அறுகோணம். தேனீயும் இதே கணக்கைத்தான் போடுகிறது. பத்தாம் வகுப்பில் பரப்பளவு நடத்தும்போது காட்ட இருபது படம் எடுத்தேன். ஓரிடத்தில் தூண்கள் எஸ் எழுத்து போல வளைந்திருந்தன. முழுதாக இறுகும் முன்னால் பூமி அசைந்திருக்கிறது. அந்த வளைவைத் தடவிப் பார்த்தேன். குளிர்ந்திருந்தது. தாராசுரத்துத் தூண்களை நினைத்துக்கொண்டேன். ஆனால் இங்கே சிற்பி இல்லை.

அப்புறம் நடை. லோங் கே கடற்கரை வரை சும்மா. அதற்கப்புறம் சாய் வான் மலை 314 மீட்டர், நிழல் இல்லாத படிகள். முழங்கால் ஒவ்வொரு படிக்கும் ஒரு கருத்துச் சொன்னது. பாட்டியின் தடி இல்லாவிட்டால் லோங் கேயிலேயே படுத்திருப்பேன்.

மேலே ஒரு பாறையில் உட்கார்ந்தபோது தங்கை சொன்னாள். வந்த முதல் வருஷம் அவளால் அந்த வீட்டில் மூச்சு விட முடியவில்லையாம். மாப்பிள்ளை ஆபீஸ் போனதும் கழிப்பறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு அழுவாளாம். ஒருநாள் லிஃப்டில் பாட்டி இவள் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல், கையைப் பிடித்து 9ஆம் எண் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்.

"அம்மாகிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா, கிளம்பி வந்துருன்னு சொல்லியிருக்கும். அதான்க்கா சொல்லலை."

நான் ஒன்றும் கேட்கவில்லை. கீழே சாய் வான் கடல் பச்சையும் நீலமுமாக இருந்தது.

இறங்கினால் சாய் வான் கிராமம். ஊர் முனையில், மரத்தடியில், நான்கு கற்களைச் சேர்த்த மாதிரி ஒரு மேடை. சிவப்புக் காகிதம், எரிந்த ஊதுபத்திக் குச்சிகள், இரண்டு ஆரஞ்சுப் பழம். தோ தேய். முதல் நாள் பஸ் நிறுத்தத்தில் பெயராகப் பார்த்த ஆளை இன்று நேரில் பார்த்தாயிற்று. உருவம்கூட இல்லை, ஒரு கல்தான். சுடிதார், சேற்று ஷூ எதையும் பொருட்படுத்தாமல் ஒரு கும்பிடு போட்டேன். அவரும் எதையும் பொருட்படுத்தவில்லை.

ஹாம் தின் கடற்கரைக்குப் போக ஓடையின் மேல் ஒரு மரப்பலகைப் பாலம், ஒருவர் மட்டும் நடக்கும் அகலம். எதிர்ப்பக்கம் கூட்டம் வந்தால் காத்திருக்க வேண்டும். மணலில் மாடுகள் படுத்து அசை போட்டன. விவசாயம் நின்ற பிறகு கிராமத்தார் விட்டுப்போன உழவு மாடுகளின் வாரிசுகள். யாருக்கும் சொந்தமில்லை, யாரும் ஓட்டுவதில்லை. கடையில் முட்டை போட்ட நூடுல்ஸ் சாப்பிட்டோம். இன்னும் ஒரு மலை தாண்டி பாக் தாம் அவ் வந்து 94ஆம் எண் பஸ்ஸைப் பிடித்தபோது இருட்டிவிட்டது. பஸ்ஸில் தங்கை என் தோளில் தூங்கினாள். பள்ளிக்கூட நாளுக்குப் பிறகு இதுதான் முதல் தடவை.

டிசம்பர் 30

கடைசி நடை. லான்டாவ் சிகரம், 934 மீட்டர், ஹாங்காங்கில் இரண்டாவது உயரம். பாட்டியும் வந்தார். துங் சுங்கிலிருந்து 3எம் பஸ்ஸில் பாக் குங் அவ் கணவாயில் இறங்கினால், அங்கிருந்து சுமார் 600 மீட்டர் செங்குத்தான ஏற்றம். பாதை முழுக்கக் கற்படிகள், சம உயரத்தில் இரண்டு படி கிடையாது. தடியை நான் வைத்துக்கொண்டேன், பாட்டி வெறும் கையோடு நடந்தார். வழியில் ஐந்து தடவை உட்கார்ந்தேன். பாட்டி ஒவ்வொரு முறையும் முன்னால் போய் நின்று காத்திருந்து, நான் எழுந்ததும் திரும்ப நடந்தார். கடைசி அரை மணி நேரம் மேகத்துக்குள். முன்னால் போகும் பாட்டியின் சிவப்புத் தொப்பி மட்டும் தெரிந்தது.

உச்சியில் கூட்டம் இல்லை. குளிர்காற்று காதைக் கடித்தது. ஒரு பலகை, ஒதுங்க ஒரு சின்னக் கற்கூடு. அவ்வளவுதான். மணி இல்லை, சூலம் இல்லை, திருநீறு இல்லை. ஏறி வந்தவர்கள் ரொட்டி தின்றுவிட்டு இறங்கினார்கள். எனக்கு ஏமாற்றமா என்றால், கொஞ்சம் இருந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும் இல்லையா. மேலே வந்ததும் யாரிடமாவது 'வந்துட்டேன்' என்று சொல்ல வேண்டும் போல ஒரு பழக்கம். தங்கையிடம் சொன்னேன். "பார்த்தாலே தெரியுதே" என்றாள். அப்போது மேகம் ஒரு நிமிஷம் விலகியது. கீழே கடலை நிரப்பிக் கட்டிய விமான நிலையம். ஒரு விமானம் எழும்பி எங்களுக்குக் கீழே திரும்பிப் போனது. விமானத்தின் முதுகைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

இறக்கம் ஏற்றத்தைவிடக் கொடுமை. பாட்டி பக்கவாட்டில் நண்டு மாதிரி இறங்கக் கற்றுக்கொடுத்தார். ஒன்றரை மணி நேரம் கழித்துக் கால் நடுங்க நோங் பிங் பக்கம் வந்தபோது, புல்வெளிச் சரிவில் மரத்தூண்கள் தெரிந்தன. மொத்தம் 38. பெரிய மரங்களைப் பாதியாகப் பிளந்து நட்டு, பிரஜ்ஞாபாரமிதா இருதய சூத்திரத்தை ஜாவ் சுங் யீ என்ற அறிஞரின் கையெழுத்தில் செதுக்கியிருக்கிறார்கள். தூண்களின் வரிசை எட்டு வடிவத்தில் போகிறது, முடிவில்லாதது என்று அர்த்தம். நம் ஊரிலிருந்து சமஸ்கிருதத்தில் போய், சீனத்தில் நின்றுகொண்டிருக்கிறது. என்னால் ஒரு எழுத்தும் படிக்க முடியவில்லை.

சரிவின் உச்சியில் இருக்கும் தூணில் மட்டும் ஒன்றும் எழுதவில்லை. முதலில் மழையில் அழிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். வெறுமையைக் காட்ட வேண்டுமென்றே காலியாக விட்டதாம். தங்கை அதைப் பெரிய விஷயம் போலச் சொன்னாள். நான், "சிதம்பரத்துல திரையை விலக்கினா என்ன இருக்கும்?" என்று கேட்டேன். அவள் யோசித்துவிட்டு, "தங்க வில்வ இலை தொங்கும்" என்றாள். சரி, இங்கே அதுவும் இல்லை.

பக்கத்தில் 34 மீட்டர் வெண்கலப் புத்தர், 1993இல் முடிந்தவர், 268 படி. முழங்காலைக் காட்டி மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். கீழிருந்தே பார்த்தாலும் முகம் நன்றாகத் தெரிகிறது. மடத்துச் சைவச் சாப்பாட்டில் காளான் பொரியல் இரண்டு தடவை வாங்கினேன்.

23ஆம் எண் பஸ்ஸுக்கு நீண்ட வரிசை. வரிசைக்குள் ஒரு மாடும் நின்றது. தடியை மடக்கிப் பாட்டியிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. என் பையைக் காட்டினார். மூங்கில் தடிக்கு அண்ணன் பூண்டியில் காசு கொடுப்பான், இறங்கியதும் வீட்டுக்குக் கொண்டுவந்து கதவுக்குப் பின்னால் சாத்தி வைப்பான். இப்போது அங்கே ஆறேழு சேர்ந்திருக்கும். பைக்குள் வைத்துக்கொண்டேன். விமானத்தில் விடுவார்களா என்று தங்கையைக் கேட்டேன், பெட்டியில் போட்டால் விடுவார்கள் என்றாள்.

வரிசையில் நின்றபடியே அண்ணனுக்குப் படம் அனுப்பினேன். மலை உச்சி, விமானம், மாடு, தூண். உடனே கேட்டான்: "மேல என்ன சாமி?"

உச்சித் தூணின் படத்தை மட்டும் மறுபடி அனுப்பினேன்.

கொஞ்ச நேரம் 'டைப் செய்கிறார்' என்று காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது.

"இதுல ஒண்ணுமே எழுதலையே?"

பஸ் வந்துவிட்டது. மாட்டைத் தாண்டி ஏறிவிட்டோம். பாட்டிக்குச் சன்னலோர சீட்.